படத்துக்குப் பின்னால் இருந்தது

சவரியம்மாள் என் அறைக்குள் வந்தபோது இரண்டாவது மணி அடித்து முடிந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். முந்திரிப் பருவம். கொட்டையின் பால் பட்டு அவருடைய விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் அப்போது தலைமையாசிரியர். தொண்ணூறுகளின் கடைசி. அந்த அம்மாள் வரதராஜன்பேட்டைப் பக்கம். மகன் அந்தோணி என்னிடம் படித்தவன் என்பதால் முகம் தெரியும்.

"உக்காருங்கம்மா" என்றேன். உட்காரவில்லை.

"சார், எங்க வூட்டு மாதா படம் இங்க வந்துச்சாமே. மருமவ குடுத்துட்டா. நான் தோப்புக்குப் போயிருந்தேன்."

"வந்துச்சும்மா. கண்ணாடி விரிசல் விட்ட படம்தானே?"

"படம் போனாப் போவுது சார். அதுக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வை எனக்குப் பின்னால் சுவருக்குப் போனது. அங்கே அவர் வீட்டுச் சட்டம் தொங்கியது. கீழ்மூலையில் மெழுகுவத்தி சுட்ட கரி அப்படியே இருந்தது. உள்ளே இப்போது மாதா இல்லை. மனித உடலின் செரிமான மண்டலம் இருந்தது, வண்ணத்தில், பாகங்களுக்கு எண் போட்டு.

என்னிடம் கேட்காமலே போய் அதை ஆணியிலிருந்து எடுத்தார். கவிழ்த்து மேசைமேல் வைத்து, பின்பக்க அட்டையை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இருந்துச்சு?" என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

"ஒரு போட்டோ சார்."

"ஒண்ணும் இல்லையேம்மா. வெறும் அட்டைதான் இருந்தது."

"நீங்களே பிரிச்சீங்களா?"

"நானேதான் பிரிச்சேன்."

"அப்ப சரி சார்" என்றார். சட்டத்தை மறுபடி ஆணியில் மாட்டி, கோணலை நிமிர்த்திவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லவிதமாகவே எழுதி வந்திருக்கிறேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினேன். பள்ளியில் பழைய சாமி படங்களைச் சேகரித்ததைப் பற்றி எழுதுங்கள் என்று அந்நாளைய மாணவர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "எங்களுக்கெல்லாம் அது பெரிய பாடம் சார்" என்கிறார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

கொள்ளிடத்து மணலில்

அந்த வேலை தொடங்கியது திருமழபாடியில். நானும் என் மனைவி சரோஜாவும் கோயிலுக்குப் போயிருந்தோம். சரோஜாவின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எங்கள் வீட்டு முருகன் படம். கண்ணாடி உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அதனால் ஆற்றில் விடுவது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். கரையோரம் மணலில் படங்கள் குவிந்து கிடந்தன. பிள்ளையார், லட்சுமி, பெயர் தெரியாத குலதெய்வங்கள். சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. கண்ணாடிச் சில்லுகள் மணலுக்குள் பாதி புதைந்து மினுங்கின. குளித்துவிட்டு ஏறிய ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது.

"நம்ம படத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போவோம்" என்றேன்.

"சாமிய விடக் கொண்டாந்துட்டு யாராவது திருப்பிக் கொண்டு போவாங்களா?"

"நாம போவோம்."

அரியலூரில் பஸ் மாறும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள். இறங்கும்போது மட்டும், "முருகனுக்குப் போக வர பஸ்ஸு காட்டுன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

மறுநாள் படத்தைப் பழைய இரும்புக் கடை பாயிடம் கொண்டுபோனேன். கையில்கூட வாங்கவில்லை.

"கண்ணாடி விரிசல், யாரும் எடுக்க மாட்டாங்க. சட்டம் உளுத்துப் போச்சு. நடுவுல இருக்கறவரு உங்க சாமி. தராசுல ஏத்துனேன்னு வையுங்க, உங்க ஆளுங்களே வந்து என் சட்டையப் புடிப்பாங்க. அல்லா பேரால சொல்றேன் சார், இரும்பு கொண்டாங்க, ஈயம் கொண்டாங்க, இத மட்டும் கொண்டாராதீங்க."

அவர் சொன்னதில்தான் எனக்கு வழி தோன்றியது. ஒரு படம் என்பது கண்ணாடி, மரம், அட்டை, காகிதம். நான்கையும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. எங்கள் பள்ளியில் வரைபடங்கள் கிழிந்து தொங்கின. கண்ணாடிச் சட்டம் போட வசதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

காலை வழிபாட்டில் அறிவித்தேன். வீட்டில் இருக்கும் உடைந்த படங்களை யாரும் ஆற்றிலோ மரத்தடியிலோ போட வேண்டாம், பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். சாமிக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை நனைத்து உரிப்பேன். சிறு ஆணிகளைக் குறடால் பிடுங்குவேன். அட்டையைத் தூக்கினால் படம் வந்துவிடும். விரிசல் விட்ட கண்ணாடியைச் சின்னச் சட்டங்களுக்கு ஆகும்படி அறுத்துக்கொள்வேன். படக் காகிதத்தை என் வீட்டுக் கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் மஞ்சள் கலந்த நீரில் ஊறப் போட்டு, கூழான பிறகு வேம்பின் அடியில் குழி வெட்டிப் புதைப்பேன். கிறிஸ்தவ வீடுகளின் படத்துக்கு என்ன செய்வது என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன். மந்திரித்த பொருளை எரிக்கலாம் அல்லது புதைக்கலாம், மிதிபடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அதற்கும் அதே தொட்டி, மஞ்சள் மட்டும் இல்லாமல்.

படத்தைப் பிரிக்கும்போது பின்னால் என்னென்னவோ கிடைக்கும். ஒருமுறை ஒரே சட்டத்துக்குள் மூன்று முருகன்கள் இருந்தார்கள். பழைய முருகனை வெளியே எடுக்க மனமில்லாமல், அவர் முன்னாலேயே புதியவரை வைத்து மூடியிருக்கிறார்கள். ஜாதகக் குறிப்பு கிடைத்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. திருமணமாகிப் பேரன் எடுத்துவிட்ட ஒருவர் யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம்கூடக் கிடைத்தது. அதைப் படிக்காமல் உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிடைத்தது எதுவானாலும் உறையில் போட்டு, பெயர் எழுதி, திருப்பிக் கொடுப்பது என்று ஒரு விதி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. "சார்கிட்ட போனா ஒரு துரும்புகூடக் காணாமப் போவாது" என்று ஊரில் சொன்னார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு வரும் நாட்களில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

தொட்டிக்குள் போனது

அந்த மாதா படத்தைப் பிரித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மூலையில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது: அந்தோணி, வரதராஜன்பேட்டை. அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

ஒரு சிறிய சவப்பெட்டி. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு பெண் குழந்தை. வெள்ளைக் கவுன். தலையில் காகிதப் பூவால் செய்த கிரீடம். மூக்கில் பஞ்சு.

பஞ்சைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடக்கத்துக்கு முன் குடும்பமே பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் வழக்கம் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் நான் வளர்ந்த வீடு வேறு. என் அக்காவின் முதல் குழந்தை எட்டு மாதத்தில் போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் தூளித் துணி, கிலுகிலுப்பை, மைச்சிமிழ், எல்லாவற்றையும் என் அப்பா ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பெயரை அதன்பிறகு யாரும் சொன்னதில்லை. அக்கா ஒரு வாரம் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துவிட்டாள். அதுதான் சரியான முறை என்று நான் நினைத்திருந்தேன். அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால் இந்தப் படத்தைப் பார்த்தபோது நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். கண்ணில் படக்கூடாது என்றுதானே மறைத்து வைத்திருக்கிறார்கள், தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருக்கிறார்கள், அந்த வேலையை நான் செய்துவிட்டால் அவர்களுக்கும் நல்லதுதான் என்று. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. எண்பது படங்களுக்கு மேல் பிரிக்காமல் கிடந்தன. உறையை எடுத்துப் பெயர் எழுத எனக்குப் பொறுமையில்லை.

தொட்டியில் போட்டேன்.

புகைப்படத் தாள் மற்றக் காகிதம்போல் கரையாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது மேல்படலம் மட்டும் தோல்போலக் கழன்று மிதந்தது. சரோஜா கொல்லைப்பக்கம் வருவதற்குள் உலக்கையை எடுத்து நானே இடித்தேன்.

அதிகாரி வந்தார். வகுப்பு வகுப்பாகச் சட்டம் போட்ட வரைபடங்களைப் பார்த்தார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சவரியம்மாள் என் அறைக்கு வந்தது அதற்கு மறுவாரம்.

ஸ்டெல்லா கேட்டது

சில நாட்கள் கழித்து அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா வந்தாள். ஏழு மாதம் இருக்கும். வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சார், அந்தப் படத்துக்குப் பின்னால எதாவது இருந்துச்சா சார்? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"அத்தைகிட்டயே சொல்லிட்டேனேம்மா."

"அதான் சார் வெனையாப் போச்சு. நாத்தனா போட்டோ சார் அது. அவருக்கு மூத்தவ. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. மாமாதான் அதப் பின்னால வச்சு ஒட்டுனாராம். எனக்கு அது அங்க இருக்குன்னே தெரியாது. நான் புள்ளத்தாச்சி, பயந்துகிட்டு அத எடுத்து அடுப்புல போட்டுட்டேன்னு அத்தை சொல்றாங்க."

"நீ போடலையே?"

"மாதா சத்தியமா இல்ல சார்." அவள் அழவில்லை. விளக்கிச் சொன்னால் நான் புரிந்துகொள்வேன் என்கிற மாதிரிப் பேசினாள். "நீங்க ஒரு தடவ வூட்டுக்கு வந்து, இருந்திருக்கலாம், கவனிக்காம விட்டிருக்கலாம்னு மட்டும் சொல்லுங்க சார். அது போதும்."

நல்ல வழி. பொய்கூடப் பாதிதான். அவள் எனக்காகவே செய்து கொண்டுவந்த வழிபோல இருந்தது. அதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கவனிக்காமல் விடுகிற ஆள் என்று பெயர் வருமே என்று யோசித்தேன்.

"பெரியவங்க மனசு வருத்தத்துல பேசுவாங்க. நீதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகணும். குழந்தை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன்.

"சரிங்க சார்" என்று எழுந்தாள். எழுந்துகொள்ள மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு அடுப்பு

நான் ஓய்வு பெற்று அரியலூரில் குடியேறியபின் அந்தச் சேகரிப்பு தானாக நின்றுபோனது. சால்வை பீரோவில் இருந்தது. அந்தப் பக்கம் போவதும் குறைந்துவிட்டது.

அந்தப் படம் வந்துபோய் ஏழு வருடம் இருக்கும். ஜெயங்கொண்டத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பெண் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"சார், நல்லாருக்கீங்களா? தெரியல? ஸ்டெல்லா சார். அந்தோணி வூட்டுக்காரி."

"தெரியுதும்மா. அத்தை எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க சார். ஒரே வூடுதான். அவங்க அடுப்பு தனி, எங்க அடுப்பு தனி. நான் ஆக்குனத வாயில வைக்க மாட்டாங்க."

"ஏம்மா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

"அந்த போட்டோதான் சார். இவருகூட அவங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டுப் பாத்தாரு. 'சார் பொய் சொல்லுவாராடா? அப்ப யாரு பொய் சொல்றா?'ன்னு கேக்குறாங்க. அதுக்கு மேல இவரு என்ன சொல்லுவாரு?" ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எனக்கே இப்பல்லாம் சந்தேகம் வந்துருது சார். மசக்கையில என்ன பண்ணோம்னு தெரியாம நாமளே எடுத்து எங்கனாச்சும் போட்டுட்டமோன்னு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?"

முற்றத்தில்

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போனேன்.

சவரியம்மாள் வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கண் மங்கியிருந்தது. குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார். அந்தோணி வேலைக்குப் போயிருந்தான். ஸ்டெல்லா நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"நீயும் இங்கேயே இரும்மா" என்றேன்.

நின்றுகொண்டே சொன்னேன். படத்துக்குப் பின்னால் போட்டோ இருந்தது. நான் பார்த்தேன். நானே தொட்டியில் போட்டேன். கரையவில்லை என்று இடித்தேன். நீங்கள் வந்து கேட்டபோது பொய் சொன்னேன். ஸ்டெல்லா வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன். அவள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்துகொண்டாள். சவரியம்மாளின் கால் கொட்டைகளின் மேல் அப்படியே நின்றது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன்.

"அப்ப நீங்கதான் சார் கடைசியாப் பாத்தது" என்றார்.

"ஆமாம்மா."

"எப்படி இருந்தா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"எம் மவ சார். எப்படி இருந்தா? முன்னல்லாம் கண்ண மூடுனா வரும். இப்ப வர மாட்டேங்குது. அந்தப் போட்டோவ நான் எடுத்தே பாத்ததில்ல. இருக்குல்ல, என்னிக்கு வேணும்னாலும் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"வெள்ளைக் கவுன் போட்டிருந்தது" என்றேன். "தலையில் பூக் கிரீடம்."

"ஆமா. அது எங்க அண்ணி பண்ணுனது. மொகம் சார்?"

தூங்குகிற மாதிரி இருந்ததும்மா என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார்.

"மொகத்தை நான் பாக்கலம்மா. மூக்குல பஞ்சு இருந்தது. அதைப் பாத்ததும் பயமா இருந்தது. கவுத்து வச்சிட்டேன்."

சவரியம்மாள் என்னிடமா, வேறு யாரிடமா என்று தெரியாதபடி கேட்டார்.

"நாலு வயசுப் புள்ளையப் பாத்து என்ன சார் பயம்?"

அவர் கால் மறுபடி கொட்டைகளைக் கிளறத் தொடங்கியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கிளம்புகிறேன் என்றேன். போய்விட்டு வாருங்கள் என்றும் அவர் சொல்லவில்லை.

ஸ்டெல்லா ரோடு வரைக்கும் கூட வந்தாள். மன்னித்துக்கொள் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"எம் மூத்தவ பொறந்தப்ப அத்தை வந்து பாக்கல சார். ஒருநாள்கூடத் தூக்குனதில்ல. இப்ப அவ ரெண்டாவது படிக்கிறா. நல்ல ஒசரம்."

பஸ் வந்து நின்றது.

"இனிமே எங்க சார் தூக்குறது?" என்றாள்.